சாப்பிடும் கைப் பக்கம்

என் வீட்டுக்காரருக்குத் தெரியாதது என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார். நான்காவது காலை நாம் கையால் பிடித்துக் காட்டினாலும், அது வால் என்று சாதிப்பார்.

முப்பத்தொரு வருடம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். விமானி என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கி வருகிற விமானத்துக்கு எதிரே நின்று, இரண்டு கையிலும் மட்டையைப் பிடித்துக்கொண்டு, இப்படி வா, அப்படித் திரும்பு, போதும் நில் என்று கைகாட்டுகிற வேலை. கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் 'கைகாட்டி' என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை அங்கே வை, இதை இங்கே நகர்த்து என்று கை மட்டும் ஆடும். நகர்த்துகிறவள் நான்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தைப் பெரியவர்கள் பண்ணிவைத்தார்கள். வீட்டை நான்தான் கட்டினேன். மனை வாங்கியது அவர் சம்பளத்தில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது யார்? மூன்று மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது யார்? அவருக்கு அப்போது ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. ஓடுபாதைக்குப் பக்கத்துத் தெரு என்பதால் அவருக்கு வேலைக்குப் போக வசதி. எலி வளையானாலும் தனி வளை என்று எனக்குத் திருப்தி.

விமானச் சத்தத்தில் பாத்திரங்கள் கிடுகிடுக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வாயை மூடிக் காத்திருந்து, விமானம் போன பிறகு மிச்சத்தைச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் சண்டைகூட தவணை முறையில்தான் நடக்கும். எனக்கு அது பழகிவிட்டது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போதெல்லாம் விமானம் மேலேறுவதையும் கீழே இறங்குவதையும் பார்ப்பேன். வரிசையாகக் குட்டிக் குட்டி ஜன்னல்கள். அதற்குள்ளிருந்து யார் யாரோ என் வீட்டை, என் மாடியை, என் துணியைக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார்கள். வெயில் தாங்காமல் வருடா வருடம் நானே மாடித்தரைக்குச் சுண்ணாம்பு அடிப்பேன், தெருவிலேயே வெள்ளை மாடி எங்களுடையது மட்டும்தான். முகம் தெரியாத அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கட்டினவள் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. வாசலில் நின்றால் வாசல் தெரியும், கொல்லையில் நின்றால் கொல்லை தெரியும். மொத்த வீடும் ஒரே பார்வையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவரை எத்தனையோ தடவை மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். "என்னங்க, வந்து பாருங்க, இன்னைக்கு எவ்வளவு தாழப் போகுது" என்பேன். "நாள் பூரா அதைத்தானே பாக்கறேன். வீட்டுக்கு வந்தும் பாக்கணுமா?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். முப்பத்தொரு வருடத்தில் தண்ணீர்த் தொட்டி ஒழுகியபோது ஒரு தடவை மேலே வந்தார். தொட்டியைப் பார்த்தார், இறங்கிப் போனார்.

அவர் ஓய்வு பெற்ற மறு வருடம் அறிவிப்பு வந்தது. இரண்டாவது ஓடுபாதை போடுகிறார்களாம், எங்கள் தெரு மொத்தமும் வேண்டுமாம். தெருவே கொதித்துப் போனது. தையல்காரர் வீட்டில் கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து என் வீட்டுக்காரர் போடவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள், அவர் விமான நிலையத்து ஆள் இல்லையா. இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மனுவில் போடவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய், வீட்டைக் கொடுக்கச் சம்மதம் என்கிற தாளில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

"எனக்குச் சோறு போட்ட இடம். அங்க போய் எதிர்த்து நிக்க முடியுமா?" என்றார்.

"சோறு போட்டது நான்" என்றேன். அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி நாம் என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்று தெருக்காரர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். தையல்காரர் கடைசியாகப் போட்டார். அதற்குப் பிறகு அவர் மனைவி என்னோடு பேசவில்லை.

சாவியை வெள்ளிக்கிழமை கொடுத்தாகிவிட்டது. தெருவின் இரண்டு கோடியிலிருந்தும் இடித்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் வீட்டின் முறை திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை பதினொரு மணி விமானத்தில் நாங்கள் மகள் ஊருக்குப் போகவேண்டும், இனி அவளோடுதான். அவருக்கும் எனக்கும் அதுதான் முதல் விமானம். அத்தனை வருடம் விமானத்தோடு கிடந்தவர், ஒரு தடவைகூட அதற்குள் உட்கார்ந்து போனதில்லை.

மகள் போனில் டிக்கெட் போடும்போது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எனக்கு ஜன்னல் பக்கம் வேணும். நம்ம வீடு தெரியற பக்கமாப் பாத்துப் போடு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல இருந்து பாத்துடறேன்."

அவ்வளவுதான் என் ஆசை. நகையா கேட்டேன், நட்டா கேட்டேன்?

"எந்தப் பக்கம்மா தெரியும்?" என்றாள் மகள். உடனே வந்துவிட்டார் எங்கள் வீட்டு வாத்தியார். இடிப்பு அறிவிப்புத் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் பென்சிலால் படம் வரைந்தார். மேலே கடல். கடலைப் பார்த்து நீளமாக ஓடுபாதை. அதற்கு வலது பக்கம் ஒரு சின்னக் கட்டம், எங்கள் வீடு.

"அந்த நேரத்துக்குக் காத்து கடல்ல இருந்து அடிக்கும். விமானம் கடலைப் பாத்துதான் ஏறும்" என்றார். அதுவரை சரி. நானும் தினம் பார்த்ததுதான். பிறகு தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "வீடு எனக்கு வலது. அப்போ விமானத்துக்கு இடது. இடது பக்கம் போடச் சொல்லு."

மகள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்பா, கடலைப் பாத்து நின்னாத்தானே வீடு உங்களுக்கு வலது, விமானமும் கடலைப் பாத்துதானே போகுது? உங்களுக்கு வலதுன்னா அதுக்கும் வலதுதானே?"

"எனக்கே சொல்லித் தர்றியா? நம்ம வலது, விமானத்துக்கு இடது. இந்தத் தொழிலோட முதல் பாடமே அதுதான். அதை மறந்தா விமானம் போய்க் கட்டடத்துல இடிக்கும். முப்பத்தொரு வருஷம், ஒரு கீறல் விழுந்திருக்கா கேளு!"

விழவில்லைதான். விமானத்துக்கு எதிரே நின்றே காலம் கழித்தவர். அவருக்கு வலது என்றால் விமானிக்கு இடது, மூளை அப்படியே ஊறிப்போயிருந்தது. இப்போது எதிரே நிற்கப் போவதில்லை, உள்ளே உட்காரப் போகிறோம் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை. மகள் இன்னொரு தடவை வாய் திறந்தாள், இவர் இன்னும் கொஞ்சம் கத்தினார். "சரிப்பா, உங்க இஷ்டம்" என்று இடது பக்கமே போட்டுவிட்டாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே இன்றுவரை தீரவில்லை.

விமானத்தில் எனக்கு ஜன்னல். பக்கத்தில் அவர், ஓரத்தில் டை கட்டிய ஒருவர். என் வீட்டுக்காரர் அந்த டைக்காரரிடம் வளவளவென்று பேசிக்கொண்டே வந்தார், இந்த வண்டிக்கு எத்தனை சக்கரம், இது எப்படித் திரும்பும் என்று. எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நெற்றியை அதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி அடிக்கவில்லை.

விமானம் ஓடியது. எழும்பியது. கீழே பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் தெரிந்தன. ஒரு சதுப்பு நிலம். துருப்பிடித்த தகரக் கூரைகள். எங்கள் தெருவைக் காணோம்.

"எங்கங்க?"

"இரு, இப்ப வரும்."

ஒரு சாலை வந்தது. அதில் லாரிகள்.

"எங்க?"

"அவசரப்படாத. இதோ இப்ப வரும் பாரு."

கடல்தான் வந்தது. நீலமாக, அகலமாக, என் கண் நிறையக் கடல். எனக்கு எதற்கு அது? சட்டென்று திரும்பினேன். இவரையும் டைக்காரரையும் தாண்டி, நடைவழியையும் தாண்டி, அந்தப் பக்க ஜன்னலில் எங்கள் பகுதித் தண்ணீர்த் தொட்டியின் தலை மட்டும் சாய்ந்து தெரிந்து மறைந்தது. அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே திரும்பவே இல்லை.

நான் பெல்ட்டைக் கழற்றி எழுந்தேன். "அம்மா! உட்காருங்க! இப்ப எழுந்திருக்கக் கூடாது!" என்று பணிப்பெண் தன் இருக்கையில் கட்டியிருந்தபடியே கத்தினாள். "என் வீடும்மா, அந்தப் பக்கம் என் வீடு இருக்கு" என்றேன். விமானத்தில் பாதிப் பேர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"காத்து மாறியிருக்கும்" என்றார்.

நான் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"இல்லேன்னா விமானி புதுசா இருப்பான். வழக்கமா இப்படி ஏத்த மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "சரி விடு. திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்றார். திரும்பி வரும்போது! திங்கட்கிழமைக்குப் பிறகு அங்கே என்ன இருக்கும், செங்கல் பொடியா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கு இவரைப் போல ஆள் கிடையாது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம், இறங்குகிற வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பணிப்பெண் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

மகள் விமான நிலைய வாசலில் காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்மா" என்றாள்.

"சொன்னவ ஏன்டி மாத்திப் போடல? வாய் கிழியப் பேசத் தெரியுதுல்ல? அம்மாவுக்காக ஒரு பொய் சொல்லி வலது பக்கம் போட்டா தலையா போயிடும்?"

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் என்னம்மா பண்ணுவேன்?"

பெட்டிகளை அவளிடம் தள்ளிவிட்டு விறுவிறுவென்று டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனேன். இருவரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

"எங்க ஊருக்குத் திரும்பிப் போக அடுத்த விமானம் எப்போ?" என்று கேட்டேன்.

"மூணு நாற்பதுக்கு ஒண்ணு இருக்கும்மா. நாலு ஐம்பதுக்கு அங்க போய்ச் சேர்ந்துடும்" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"அதுல எனக்கு ஒரு டிக்கெட் குடு."

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார் அவர். "இப்பதானே வந்து இறங்கினோம்! அங்க போய் எங்க தங்குவ? சாவி கூட இல்ல!"

"தங்கறதுக்கு யார் போறா? பாக்கறதுக்குப் போறேன். பாத்துட்டு அடுத்த விமானத்துல வருவேன். முப்பத்தொரு வருஷமா உங்க கைக்குத் திரும்பினது போதும்."

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. எனக்கு அப்போது வெட்கம், மானம் எதுவும் இல்லை. வேறு நேரமாக இருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அன்றைக்கு அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜன்னல் சீட் இருக்கும்மா. எந்தப் பக்கம் போடட்டும்?" என்றாள் அந்தப் பெண்.

மகள் சட்டென்று, "போகும்போது வலது பக்கம் இருந்துச்சுன்னா, திரும்பி வரும்போது இடதுதானேம்மா? எதிர்ப் பக்கமாத்தானே வருவோம்?" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். பழக்கம் விடுமா? அவர் வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். பிறகு இடது கையைத் தூக்கினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் கீழே போட்டுவிட்டு, "எனக்குத் தெரியல. எதிர்ல நின்னா சொல்லிடுவேன். உள்ள உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

தெரியல என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படவேண்டியவள். எனக்கு இன்னும் எரிந்தது. இதைத்தானே அந்தப் படத்தை வரைந்த அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும்?

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாலை ஐந்து மணி. மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே ஓடுபாதை. விமானம் எங்கிருந்து வருகிறது? மலைப் பக்கத்திலிருந்து. எங்கே போய் இறங்குகிறது? கடலைப் பார்த்து. ஏறினாலும் கடலைப் பார்த்துத்தான், அந்த நேரத்தில் இறங்கினாலும் கடலைப் பார்த்துத்தான். எத்தனை ஆயிரம் மாலை பார்த்திருக்கிறேன்! இதற்கு எதற்கு இன்னொருவர் வாயைப் பார்த்தேன்? அந்தக் கவுன்ட்டருக்கு முன்னால் நின்ற இடத்திலேயே என்னை விமானமாக நினைத்துத் திரும்பி நின்றேன். கடல் எனக்கு முன்னால். வீடு இருக்கிற பக்கம் தானாகக் கை நீண்டது. கண்ணைத் திறந்து எந்தக் கை என்று பார்த்தேன்.

"சாப்பிடற கைப் பக்கம் போடும்மா" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "வலது பக்கம், ஜன்னல். போட்டாச்சு" என்றாள்.

"நானும் வரவா?" என்று பின்னாலிருந்து சின்னக் குரலில் கேட்டார் அவர்.

"வேண்டாம். நீங்க வந்தா கடலே இடம் மாறிப் போயிடும்" என்றேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. மூன்று மணி வரைக்கும் ஒரு நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகும்போது மட்டும் எழுந்து நின்றார்.

திரும்பிப் போகிற விமானத்தில் என் பக்கத்தில் ஒரு வயதான பல் வைத்தியர். எதற்கு ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டார், என் வீட்டைப் பார்க்க என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். மலை வந்தது. ஒரு ஏரி வந்தது. விமானம் தாழ இறங்கியது. தண்ணீர்த் தொட்டி வந்தது, இந்தத் தடவை முழுத் தொட்டி, காலோடு. அதற்கப்புறம் எங்கள் தெரு.

தெரு எங்கே இருந்தது? இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. தையல்காரர் வீடு இல்லை. மாவு மில் இல்லை. மூலை வீட்டு மாடிப்படி மட்டும் எங்கேயும் போகாமல் நின்றது. நடுவில் என் வீடு. வெள்ளை மாடி. கொல்லைச் சுவர், குளியலறை, முன்கதவு, எல்லாம் ஒரே பார்வையில், ஒரு தீப்பெட்டி அளவில். இடிக்கிற மஞ்சள் வண்டி வாசலில் வந்து நின்றிருந்தது. சுவரெல்லாம் நேராக இருந்தது. கொத்தனார் கோணல் என்று நான் சண்டை போட்ட அந்தப் பின்சுவர்கூட நேராகத்தான் இருந்தது. நான் நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன். இதைத்தான் இடிக்கப் போகிறார்கள், பாவிகள்.

"அதோ, அதுதான் என் வீடு!" என்று கத்தியேவிட்டேன். பல் வைத்தியர் பேப்பரை மடித்துவிட்டு என் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "எதும்மா?" என்றார். அதற்குள் அது போய்விட்டது. கீழே ஓடுபாதையின் புல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காட்டுவதற்கு ஆள் இல்லை. எது எங்கள் வீடு என்று சொல்லாமலே தெரிந்திருக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். வேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டு வந்தேன். அதற்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது, வேறு யார் மேல் வரும்?

இறங்கி ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. தெருவுல நம்ம வீடு ஒண்ணுதான் நிக்குது. ரெண்டு பக்கமும் தரைமட்டம். தையல்காரர் வீடு இருந்த இடம்கூடத் தெரியல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து, "கேக்குதா?" என்றேன்.

"கேக்குது" என்றார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நான் மொத ஆளாக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. நான் போட்டதைப் பாத்துதான் எல்லாரும் போட்டாங்க. அந்தத் தெரு போனதுக்கு நான்தான் காரணம்."

இதைத்தான் நான் இத்தனை மாதமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சமைக்கும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன், பெட்டி கட்டும்போதும் சொன்னேன். இந்த மனுஷன் வாயிலிருந்து இது ஒரு தடவை வந்துவிட்டால் என் நெஞ்சு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. திட்டுவதற்கு என்று நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் அவரே எடுத்துச் சொல்லிவிட்டார். இனி நான் எதை வைத்துக்கொண்டு திட்டுவது?

"இப்ப சொல்லி? திங்கட்கிழமை இடிக்கறாங்க, சனிக்கிழமை சாயங்காலம் சொல்றீங்க! இந்த வார்த்தை இத்தனை நாள் எங்க போயிருந்துச்சு?" என்று கத்தினேன். தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

"நீ கூடவே சொல்லிக்கிட்டே இருந்தே. அதனாலயே என்னால சொல்ல முடியல" என்றார். அவர் அழுகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் அழுதேன், கோபம் போகாமலே.

"அங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க. வந்து பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.